முதுசொம்மும் முதுசொல்லும்: பழமொழிக்கு இட்ட பெயர்கள் குறித்து ஒரு மறுபார்வை

பேர்சிவல் பாதிரியார் 1843இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டு வெளியிட்ட பழமொழித் தொகுப்பின் பெயர் ‘திருட்டாந்த சங்கிரகம்’. ஏறத்தாழ 1,900 பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் கொண்டிருந்த அத்தொகுப்பு, 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளுடன் விரிந்த நூலாக மீண்டும் வெளிவந்தது. முதுசொல், முதுமொழி, பழமொழி, மூதுரை எனத் தமிழில் முன்பே வழங்கிய பெயர்கள் பல இருக்க, முதல் தொகுப்பின் முகப்பில் ‘திருட்டாந்தம்’ என்னும் வடசொல் ஏறியதைப் பெயர்த்தெரிவாக மட்டும் கருதி விட்டுவிட இயலாது. பழமொழி என்பது சொல்லவந்ததை விளக்கும் எடுத்துக்காட்டு என்னும் பொருள்கோள் அப்பெயருக்குள் அடங்கியிருக்கிறது. அப்பொருள்கோள் பழமொழியின் தொழிலைக் குறைத்துக் காட்டுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருட்டாந்தம் என்பது தருக்க நூலாரின் கலைச்சொல். ஒன்றைச் சாதிக்கப் புகுவோர் முதலில் மேற்கோளையும், அடுத்து அதற்குக் காரணமாகிய ஏதுவையும், பின்னர் இருசாராரும் கண்டறிந்த எடுத்துக்காட்டையும் முறையே கூறுவர். மலையில் நெருப்பு உண்டு என்பது மேற்கோள், புகை காணப்படுவது ஏது, அடுக்களை எடுத்துக்காட்டு. இம்மூன்றாவது உறுப்பே திருட்டாந்தம் எனவும் திட்டாந்தம் எனவும் வழங்கும். மணிமேகலையின் தருக்கப் பகுதியிலும் இவ்வுறுப்புகள் இடம்பெறுகின்றன.

பேர்சிவலின் தெரிவுக்குரிய நியாயத்தையும் சொல்லவேண்டும். பிரசங்கியாருக்குப் பழமொழி பயன்படுவது, கேட்போர் அறிந்த ஒன்றைக் காட்டி அறியாத ஒன்றை விளங்கவைக்கும் இடத்தில்தான். அந்நிலையில் அது எடுத்துக்காட்டாகவே நிற்கும். ஆனால் அப்பெயர் பாதிரியார் ஒருவரின் தேவையிலிருந்து மட்டும் பிறந்திருக்கும் என்று கொள்வது கடினம். ‘சங்கிரகம்’ என்னும் ஈறு, தருக்கம் பயில்வோர் தொடக்கத்திலேயே கையிலெடுக்கும் தருக்கசங்கிரகத்தை நினைவூட்டுவது. வடமொழியும் தருக்கமும் சைவ சாத்திரமும் ஒருங்கே கற்ற யாழ்ப்பாணத்துப் பண்டிதர் சூழலில் இவ்வகைத் தலைப்பு இயல்பானது. நீர்வேலிச் சங்கரபண்டிதர் (1829–1870) தம் நூலொன்றுக்குச் ‘சத்தசங்கிரகம்’ என்று பெயரிட்டதும் அதே மரபின் வெளிப்பாடே. 1843இல் சங்கரபண்டிதர் பதினான்கு வயதை ஒட்டிய மாணவர். ஆகவே அவரைப் பேர்சிவலின் தொகுப்போடு தொடர்புபடுத்த இடமில்லை. எனினும் அவரை உருவாக்கிய கல்விச்சூழலே அத்தலைப்பையும் உருவாக்கியது என்று கொள்வது, நேர்ச்சான்று இல்லாத நிலையிலும், பெயரின் அமைப்புக்குப் பொருந்தும் விளக்கமாகும். அவ்வாறாயின் இக்கட்டுரை மறுப்பது பேர்சிவல் என்னும் தனி ஒருவரை அன்று, பழமொழியைத் தருக்க உறுப்பொன்றில் அடக்க முயன்ற ஒரு கல்விமரபின் பார்வையை.

அப்பார்வை எங்கே வழுக்குகிறது என்பதைத் தருக்க நூலாரின் புகையையும் நெருப்பையும் கொண்டே காட்டலாம். ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்பது இன்றும் நாவில் வழங்கும் பழமொழி. ஊரில் ஒருவரைப் பற்றி எழுந்த பேச்சை மற்றொருவர் மறுக்கும்போது இது சொல்லப்படுமானால், சொல்பவர் அடுக்களை போன்ற ஓரிடத்தைச் சுட்டவில்லை. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் பொதுவிதியையே எதிர்நிறுத்துகிறார். எடுத்துக்காட்டு ஒன்றை வேறோர் எடுத்துக்காட்டால் எளிதில் விலக்கிவிடலாம். பழமொழியால் வாயடைக்கப்பட்டவரோ அந்த விதியையே உடைக்கவேண்டியவர் ஆகிறார். அல்லது எதிர்ப்பழமொழி தேடவேண்டியவர் ஆகிறார்.

தொல்காப்பியச் செய்யுளியல் இந்த இடத்தில் பேர்சிவலின் தலைப்பைவிட நுட்பமாக நடந்துகொள்கிறது. யாப்பின் எழுவகையை எண்ணும்போது ‘முதுசொல்’ என்றும், இலக்கணம் கூறும்போது ‘முதுமொழி’ என்றும் வழங்கும் அந்நூல், குறித்த பொருளை முடித்துவைக்க ஏதுவைக் கருதி வருவதாகவே அதனைக் கூறுகிறது. ஏது என்னும் சொல் அங்கே தருக்கநூலின் இறுகிய கலைச்சொல்லா, பொதுவாகக் காரணம் என்னும் பொருளதா என்பது செய்யுளியலின் காலத்தைப் பொறுத்தது. அக்காலம் முடிவாகாத வரை இதுவும் முடிவாகாது.

அவ்விலக்கணத்தில் முதுமொழியின் பண்புகளுள் ஒன்றாக வரும் சொல்லுக்கு எண்மை, மென்மை என இரு பாடங்கள் உண்டு. எண்மை என்பது எளிமை. சொற்பிரிப்பும் புள்ளியும் இன்றி எழுதப்பட்ட ஏட்டில், முன்சொல்லின் ஈற்று மகரம் எண்மையோடு சேர்ந்து ‘மெண்மை’ என நின்றிருக்கும். ணகரம் னகரமாகத் திரிந்ததும் ‘மென்மை’ பிறந்துவிடும். எண்மையே மூலபாடம் என்று கொள்ள எழுத்துவழி நியாயம் மட்டுமன்றிப் பொருள்வழி நியாயமும் உண்டு. வாதத்தில் ஏதுவாக நிற்பது எதிரிக்கும் எளிதில் விளங்கவேண்டும், அவரும் ஒப்பவேண்டும். அதற்கு வேண்டுவது எளிமை. மென்மை அந்தத் தொழிலுக்கு உதவாது. ஆயினும் மென்மை என்னும் பாடத்தைப் பிழை என்று தள்ள இவ்வளவு போதாது.

முது, பழ என்னும் இரு அடைகளையும் ஒன்றாகக் கருதி, முதுமொழியும் பழமொழியும் ஒருபொருட் சொற்கள் என்று கடந்துபோவது வழக்கம். அகநானூற்றில் ‘பழமொழி’ வரும் இரு பாடல்கள் (66, 101) வேறொன்றைக் காட்டுகின்றன: ஒன்றில் பலரும் சொன்ன பழமொழி மெய்யாயிற்று என்று தலைவி தேறுகிறாள்; மற்றதில் நன்மை செய்தார்க்குத் தீமை இல்லை என்னும் பழமொழி இன்று பொய்த்ததோ என்று ஐயுறுகிறாள். இரண்டிலும் பழமொழி நிகழ்ச்சியால் சோதிக்கப்படுகிறது. செய்யுளியலின் முதுமொழியோ பிறிதொன்றைச் சாதிக்கிறது. பழங்கஞ்சி, பழந்துணி என்னும் சொற்களில் ‘பழ’ காலம் கழிந்ததைக் குறிக்க, முதுகுடி, முதுவர் என்னும் சொற்களில் ‘முது’ வழிவந்த மதிப்பைக் குறிக்கிறது.

இதற்கு யாழ்ப்பாணத்தில் உயிருள்ள சான்று ‘முதுசொம்’. முதுசம் என்றும் வழங்கும் இச்சொல், ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சீதனம், தேடியதேட்டம் என்பவற்றோடு வைத்து எண்ணப்படும் பரம்பரைச் சொத்தைக் குறிப்பது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டமும் பெற்றோர் அல்லது அவருக்கு மேற்பட்ட முன்னோர் இறக்க வந்துசேரும் சொத்தையே முதுசம் என்கிறது. நீர்வேலியில் மணவாழ்வுக் காலத்தில் ஒருவர் தம் உழைப்பால் வாங்கிய வாழைத்தோட்டம் அவருக்குத் தேடியதேட்டம்; அவர் இறந்தபின் அதே தோட்டம் பிள்ளைகளுக்கு முதுசம். நிலத்தின் வயது அங்கே பொருட்டல்ல, அது வந்த வழியே பொருட்டு. சொம் என்பது வடமொழி ‘ஸ்வம்’ என்பதன் திரிபு ஆதலால், சொல்லோடு அதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது. வாதம் ‘முது’ என்னும் முன்பாதியின்மேல் மட்டுமே நிற்கிறது.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் பழமொழியைக் கூறுவோர் பலவேளை அதற்குப் பெயரே இடுவதில்லை. ‘முந்தின ஆக்கள் சும்மாவோ சொன்னவை’ என்றே முடிப்பர். இங்கே ‘சொன்னவை’ என்பது சொன்னார்கள் என்னும் உயர்திணைப் பன்மை. காலம் சுட்டப்படவில்லை, ஆட்களே சுட்டப்படுகின்றனர். ‘சும்மாவோ’ என்னும் வினா, அவர்கள் காரணமின்றிச் சொல்லவில்லை என்று ஏதுவையே வலியுறுத்துகிறது. இது தொல்காப்பிய மரபின் தொடர்ச்சி என்று கூற இடையிட்ட நூற்றாண்டுகளின் சான்று வேண்டும். பழமொழி, முதுமொழி என்பவற்றுள் எது முற்பட்டது என்பதும் தீராமலே நிற்கிறது. முதுசொல் இன்று நூல்வழக்கில் ஒடுங்கிவிட்டது. முதுசொம் காணி உறுதிகளில் இன்னும் எழுதப்படுகிறது.