ஓரம் மடித்தால்தான் போர்வை: சோழமண்டலக் கரையின் அடுக்குத் தையல் வரலாறு

மேல்துணி, பஞ்சாலோ பழந்துணியாலோ ஆன உள்ளடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலால் ஒன்றாகப் பிணைத்துச் செய்யப்படும் போர்வை, இன்று தமிழகத்துக் கடைகளில் குவில்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. இத்தகைய போர்வையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மேல்துணியின் பூவேலையையும் நிறத்தையும் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் ஒரு போர்வை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சாயம் நிற்பது, அடுக்குகள் நகராமல் இருப்பது, ஓரம் பிரியாமல் இருப்பது என்ற மூன்றே தீர்மானிக்கின்றன. இவை மூன்றும் வேலையின் கடைசிக் கட்டத்திலும் அதற்குப் பிந்திய முதல் சலவையிலும்தான் சோதனைக்கு உள்ளாகின்றன. சோழமண்டலக் கரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகுக்குத் துணி அனுப்பி வந்தபோதிலும், அத்துணியைப் போர்வையாக முடிக்கும் வேலையும் அந்த முடிப்பினால் கிடைத்த ஆதாயமும் பெரும்பாலும் அயலாருக்கே சென்றன. வீட்டுப் பெண்கள் பழஞ்சேலையில் தைத்த விரிப்புதான் இந்த மண்ணிலேயே தொடங்கி இந்த மண்ணிலேயே முடிவுற்ற அடுக்குத் தையலாக நிலைத்தது.

இந்த வரலாற்றின் பல இழைகளை ஒருசேரக் காண்பதற்குச் சென்னையின் தெற்குப் புறநகர் ஏற்ற இடமாகும். சோழர் காலத்தில் கற்றளியாக எழுந்து, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தேனுபுரீசுவரர் கோயிலையும், ஏரியையும், அதனைச் சூழ்ந்திருந்த வயல்களையும் கொண்டிருந்த மாடம்பாக்கம், அண்மைப் பத்தாண்டுகளில் அடுக்ககங்களும் மனைப்பிரிவுகளும் நிறைந்த குடியிருப்பாக மாறிவிட்டது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது மாடம்பாக்கம் பேரூராட்சியும், அடையாற்றங்கரையில் உள்ள நெசவாளர் ஊரான அனகாபுத்தூர் நகராட்சியும் அதனுள் அடங்கின. தறியும், ஏற்றுமதி ஆடை ஆலையும், வீட்டுத் தையல் இயந்திரமும் இவ்வாறு ஒரே எல்லைக்குள் வந்து சேர்ந்தன.

இப்பகுதியில் தடித்த பஞ்சுப் போர்வை வேரூன்றாமைக்குத் தட்பவெப்பமே முதற் காரணம். சென்னையில் தை மாதத்து இரவுகளிலும் வெப்பம் சராசரியாக 20 அல்லது 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை என்பதால், வட இந்திய ரஜாயைப் போன்ற கனத்த போர்வைக்கு இங்குத் தேவை எழவில்லை. பச்சிளங்குழந்தையைக் கிடத்துவதற்கு மெத்தென்ற விரிப்பும், பாயின் மேல் விரிக்க வியர்வையை உறிஞ்சும் துணியுமே வீட்டுக்குத் தேவைப்பட்டன; பலமுறை துவைத்து மென்மையான பருத்திச் சேலையும் வேட்டியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு சேலையை மூன்றாக மடித்தால், ஒருவர் படுப்பதற்கேற்ற ஏறத்தாழ 1.8 மீட்டர் நீள விரிப்பு மூன்று அடுக்குகளோடு கிடைத்துவிடுகிறது. சேலையின் கரைகள் இரு நீண்ட பக்கங்களிலும் அமைவதால் அங்கே நூல் பிரிவதில்லை. குறுக்கே உள்ள இரு முனைகளை மட்டும் மடித்துத் தைத்தால் போதும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் ஓட்டுத்தையலே இவ்விரிப்புகளில் பெரிதும் பயன்பட்டது. பஞ்சு இல்லாமையால் இவ்விரிப்பு ஒரே பகலில் உலர்ந்துவிடும் என்பது, ஐப்பசி, கார்த்திகை மழையில் குழந்தைத் துணி காயாமல் தவிக்கும் வீட்டுக்குப் பெரிய வசதி. இதே முறையின் செழித்த வடிவம் வங்காளத்துக் கந்தாவில் காணப்படுகிறது. அங்கே பழஞ்சேலைகளின் கரைகளிலிருந்து உருவிய வண்ண நூலே பூத்தையலுக்குப் பயன்பட்டது.

வீட்டுக்குள் நிலைமை இவ்வாறிருக்க, துறைமுகங்களில் நடந்தது வேறு. டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் வணிகக்கூடம் அமைத்ததும், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் டே 1639இல் சென்னைக்கான இடத்தைப் பெற்றதும், இக்கரையின் துணியை அது விளையும் இடத்திலேயே வாங்குவதற்காகவே ஆகும். கம்பெனியின் துணியைத் துவைத்து வெளுத்தவர்கள் வாழ்ந்த பகுதி வண்ணாரப்பேட்டையாக நிலைபெற்றது. நெசவாளர்களையும் அவர்களைச் சார்ந்த தொழிலாளர்களையும் ஒரே இடத்தில் குடியமர்த்துவதற்காக 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டது. ஐரோப்பியர் இங்கிருந்து பெற்ற துணிகளுள் பெரும்புகழ் பெற்றது, பலம்போர் என அவர்களால் அழைக்கப்பட்ட படுக்கை விரிப்பாகும். சிறு குன்றின் மேல் நின்று பூவும் கனியுமாகக் கிளைவிரிக்கும் மரம் ஒன்றை நடுவிலும், பூங்கொடிக் கரையைச் சுற்றிலும் கொண்டு, எழுதுகோலால் வரைந்து சாயமேற்றப்பட்ட ஒற்றைப் பெருந்துணியே பலம்போர். சில விரிப்புகள் இந்தியாவிலேயே உள்ளடுக்கு வைத்துத் தைக்கப்பட்டன என்றாலும், பல தனித்துணியாகவே கப்பலேறி, ஐரோப்பாவில் அடித்துணியும் தையலும் பெற்றுப் போர்வையாயின.

அத்துணியின் மதிப்புக்குக் காரணம் ஓவியம் மட்டுமன்று. துவைத்தாலும் சாயம் போகாத தன்மையே ஐரோப்பியரை வியக்கவைத்தது. இதன் இரகசியத்தை அறிய முயன்றவர்களுள் ஒருவரான ஏசுசபைத் துறவி கெர்டூ, தம்மால் கிறித்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையை 1742ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் விரிவாகப் பதிவு செய்தார். கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்துக் காயவிடுவது, படிகாரக் கரைசலால் வரைவது, சாயவேர் இட்ட நீரில் கொதிக்கவைப்பது, நீலம் பிடிக்கக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பது, ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னும் ஓடுநீரில் அலசி வெயிலில் உலர்த்துவது என அச்செய்முறை நீள்கிறது. சாயவேர் என்பது இக்கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு செடியின் வேர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் அதன் சிவப்பு இழைக்குள் ஊன்றி நிற்கும். படிகாரம் படாத இடத்தில் ஒட்டிய நிறம் அலசலிலும் வெயிலிலும் கழிந்துவிடும். ஆகவே அலசுதல் என்பது சாயவேலைக்குப் பிந்திய துப்புரவு மட்டுமன்று, சாயவேலையின் இன்றியமையாத பகுதியே ஆகும்.

இத்துணியின் வெற்றி ஐரோப்பிய நெசவாளர்களின் எதிர்ப்பைக் கிளப்பியது. பிரான்சு 1686இல் அச்சிட்ட, எழுதப்பட்ட பருத்தித்துணிகளைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை நீட்டித்தது. இங்கிலாந்தில் 1701 முதல் இந்திய வண்ணத்துணிகளை உள்நாட்டில் பயன்படுத்துவது விலக்கப்பட்டு, 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்விலக்கு மேலும் இறுகி, 1774இல்தான் நீங்கியது. கிடைத்தற்கரிய பொருளாகிவிட்ட துணியின் சிறு துண்டுக்கும் அக்காலத்தில் மதிப்பு ஏறியது. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் பாதுகாக்கப்படுவதும், மரபாக 1708ஐ ஒட்டியதாகக் கணிக்கப்படுவதுமான ஒட்டுத்துணிப் போர்வை இந்திய வண்ணத்துணித் துண்டுகளால் ஆனது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணி வேலைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அது கருதப்படுகிறது. துணி எழுதிய சோழமண்டலக் கைகளின் பெயர் எங்கும் எஞ்சவில்லை. துண்டு சேர்த்துத் தைத்த வீட்டின் பெயரே அப்போர்வைக்கு நிலைத்தது.

எழுதிய துணியை அடுத்து இக்கரையின் அடையாளமாக எழுந்தது கட்டம் போட்ட கைத்தறித் துணியாகும். மெட்ராஸ் கைக்குட்டை எனப் பெயர்பெற்ற இத்துணி இலண்டன் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்து, அங்கே திருமணத்துக்கும் இறப்புச் சடங்குக்கும் உரிய மதிப்புமிக்க உடையாயிற்று. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபரி இனப் பெண்கள் இத்துணியை அப்படியே உடுத்தாமல், கட்டங்களில் உள்ள சில நூல்களைக் கத்தி முனையால் அறுத்து உருவி, புதிய உருவங்களைத் தோற்றுவித்தனர். பெலெத்தே பித்தே எனப்படும் இவ்வேலை முடிந்த பின்னரே அத்துணி கலபரியர்க்கு உரியதாகக் கருதப்பட்டது. அனகாபுத்தூர் நெசவாளர்கள் நைஜீரியச் சந்தைக்காக நெய்தது இத்தகைய கட்டத்துணியையே; 1970களில் நைஜீரியா துணி இறக்குமதியைத் தடுத்தபோது அவர்களது தறிகள் வேலையிழந்தன. பின்னாளில் அங்குள்ள நெசவாளர் சிலர் வாழைநார் உள்ளிட்ட இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்துச் சேலை நெய்து ஊருக்குப் புதிய பெயர் தேடித் தந்தனர்.

கட்டத்துணி அமெரிக்காவுக்குச் சென்ற வரலாறு, சாயத்தைப் பற்றிய பழைய பாடத்தைத் தலைகீழாகப் படிக்கவைக்கிறது. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வணிகர், பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் துணியை வாங்கி புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். இத்துணியைக் குளிர்ந்த நீரில் தனியே துவைக்கவேண்டும் என்ற குறிப்பு வாங்கியவர்களைச் சென்றடையாமையால் சாயம் இறங்கி முறையீடுகள் எழுந்தன என்றும், வழக்கு வரை போகவிருந்த நிலையில் சாயம் இறங்குவதையே அத்துணியின் தனிச்சிறப்பாக விளம்பரப்படுத்தி விற்பனையைப் பெருக்கினர் என்றும் நாயர் பின்னாளில் விவரித்துள்ளார். சட்டைக்குப் புகழ் தேடித்தந்த அத்தன்மை போர்வைக்குப் பொருந்தாது. பல துணிகளை ஒன்றாகத் தைத்துவிட்ட பின் ஒரு சிவப்புத் துண்டின் சாயம் இறங்கினால் அடுத்துள்ள வெள்ளைத்துண்டு நிரந்தரமாகக் கறைபடும்; பிரித்துத் தைப்பதற்கும் வழியில்லை. வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியே நனைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத்துணியால் அழுத்தித் துடைத்துச் சாயத்தைச் சோதிப்பது இதனால்தான். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது இயல்பு என்பதால், அந்நனைப்பே சுருக்கத்தையும் முன்கூட்டித் தீர்த்துவிடுகிறது.

அடுக்குகள் நகராமல் காக்கும் கலை, பஞ்சுத் தொழிலோடு பிணைந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலில் இடம்பெறும் தூதேகுலா சமூகத்தினர் பஞ்சைச் சுத்தம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள். தமிழ்ப் பகுதிகளில் இத்தொழிலர் பஞ்சுகொட்டி என்றும் பிஞ்சாரி என்றும் அழைக்கப்பட்டனர். பெரிய வில்லின் நாணைப் பஞ்சுக் குவியலில் பொருத்தி மரக்கட்டையால் அடிக்கும்போது நாணின் அதிர்வில் இறுகிய பஞ்சு பிரிந்து மலர, தூசு கீழே உதிரும். மெத்தைக்கு விரும்பப்பட்ட இலவம்பஞ்சு, தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் பெரிய வணிகமாக வளர்ந்தது. ஆனால் இலவின் இழை வழுவழுப்பானது, குட்டையானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாதது. மெத்தை உறைக்குள் திணித்து இடையிடையே முடிச்சிட்டால் அது நிற்கும். மெல்லிய போர்வையில் வைத்தால் மூலையில் திரண்டுவிடும். பருத்திப் பஞ்சிலும் தையல் வரிகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகியிருந்தால் இரண்டு மூன்று சலவையில் கட்டி தட்டிப்போகும். எனவே உள்ளடுக்கின் தன்மைக்கு ஏற்பவே தையலின் நெருக்கம் அமையவேண்டும். போர்வைத் தையல் அழகுக்காக மட்டும் இடப்படுவதன்று. நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலைகள் பெருகியபோது வீட்டு விரிப்பின் தரம் தாழ்ந்ததும் இதனையொட்டியதே. செயற்கை இழை நீரை உறிஞ்சாததோடு, ஊசிக்கு அடங்காமல் வழுக்கி அடுக்குகளைச் சுருக்குகிறது.

ஓரத்தின் அருமையைத் தென்னிந்தியாவில் மிகத் தெளிவாக உணர்ந்தவர்கள், கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க மூதாதையரைக் கொண்ட சித்தி சமூகப் பெண்கள் எனலாம். கவந்த் எனப்படும் அவர்களது போர்வை, பெரும்பாலான தையற்காரர்கள் பின்பற்றும் வழக்கத்துக்கு மாறாக, ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச்சுற்றி நடுவில் முடிகிறது. நான்கு மூலைகளிலும் பல அடுக்காக மடித்த முக்கோணத் துணிகளை வைத்துத் தைத்த பின்னரே அவர்கள் போர்வையை முழுமை பெற்றதாகக் கொள்கின்றனர். பூலா என்னும் அம்மூலைப் பூக்களுக்குப் பயன்பாட்டு நோக்கம் இல்லை என்றாலும், அவை இல்லாத கவந்த் ஆடையில்லாத உடலுக்கு ஒப்பாகக் கருதப்படுகிறது.

தாம்பரம் பகுதியில் இன்று போர்வை தைக்கும் வீடுகளின் பின்னணி இருவகைப்பட்டது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி வளாகத்தின் ஆடை ஆலைகள், சுற்றுவட்டாரப் பெண்கள் பலருக்கு இயந்திரத் தையலைத் தொழிலாக்கின. ஏழைப் பெண்களுக்கு விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் போன்ற அரசு முயற்சிகள் இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தன. மற்றொரு புறம், குவில்டைக் கலையாகப் பயில்வோர் நகரில் பெருகி, 2019இல் சென்னையில் இந்தியா குவில்ட் திருவிழா நடைபெறும் அளவுக்கு வளர்ந்தனர். ஆலைத் தையலில் ஒரு பெண் நாள் முழுதும் கையையோ காலரையோ மட்டும் தைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். போர்வையில் வெட்டு முதல் ஓரப்பட்டி வரை ஒருவரே செய்யவேண்டியிருக்கிறது. முதற்போர்வை பல வீடுகளில் பாதியில் நிற்பதற்குக் காரணம் இந்த வேறுபாடே. துண்டுகளை இணைப்பது விரைவாக முடிந்துவிடும். மூன்று அடுக்குகளையும் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, நடுவிலிருந்து வெளிநோக்கி இழையோட்டி, அதே வரிசையில் தைத்து, ஓரங்களைச் சதுரமாக வெட்டி, இரட்டையாக மடித்த பட்டியைச் சுற்றிலும் வைத்து, மூலைகளில் பட்டியை மடக்கித் திருப்பி, பின்புறம் கையால் தைப்பதற்கோ பொறுமை வேண்டும். நேர்க்கோட்டு ஓரத்துக்கு நேர்ப்பட்டி போதும் என்பதும், வளைந்த ஓரத்துக்கு மட்டுமே துணியை மூலைவாட்டில் வெட்டிய கிராஸ் பட்டி தேவை என்பதும், முதலில் தேய்வது ஓரமே ஆதலால் பட்டியில் கண்டிப்பாக இரண்டு மடிப்பு இருக்கவேண்டும் என்பதும் செய்து பார்த்தே தெளியும் நுட்பங்களாகும்.

மேலே கண்ட வரலாறு முழுவதிலும் ஒரே நடைமுறை திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது. சாயவேர்த் துணியில் உழைப்பின் பெரும்பகுதி இக்கரையுடையது, போர்வை என்ற பெயரும் விலையும் ஐரோப்பாவுடையன. கட்டத்துணியின் நெசவு அனகாபுத்தூருடையது, அதற்குச் சடங்கு மதிப்பை ஏற்றிய வேலை கலபரியருடையது. இடையில் துணி வாங்குவோரின் சட்டம் மாறியபோதெல்லாம் தறி நின்றது. பழஞ்சேலை விரிப்பு மட்டும் எந்தத் தடையாலும் பாதிக்கப்படாததற்கு, அதன் துணியும் தையலும் ஓரமும் பயனும் ஒரே வீட்டுக்குள் அடங்கியிருந்ததே காரணம். இன்று தறியும் ஆலைத் தையலும் வீட்டுத் தையலும் ஒரே மாநகராட்சிக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன. அனகாபுத்தூர்ப் பருத்தி மாடம்பாக்கத்து வீடுகளில் வெட்டுப்பட்டு, அங்கேயே உள்ளடுக்கும் ஓரப்பட்டியும் பெற்று விற்பனைக்கு வருமானால், நெய்பவருக்கும் தைப்பவருக்கும் கிடைக்கும் கூலி துணியின் விலையால் அல்லாமல் முடிந்த பொருளின் விலையால் அளக்கப்படும். முடிக்கும் கையே விலை வைக்கும் கை என்பது நானூறு ஆண்டுத் துணி வணிகம் இக்கரைக்குக் கற்பித்த பாடமாகும்.