வேலியும் நரியும் பூனையும்

கோத்ரூடில் எங்கள் வீடு தரைத்தளம். பின்பக்கம் ஆறடிக்கு நாலடி மண் கிடைத்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த அரைக்கீரை விதையைத் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டு, மறுநாள் காலை போய்ப் பார்த்தால் பாத்தி நடுவே ஒரு குழி, பக்கத்தில் சின்ன மேடு. மேட்டுக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை :-) குடியிருப்புப் பூனைகளின் கைங்கரியம். மூன்று முறை விதைத்தேன், மூன்று முறையும் இதே கதை.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தங்கமணிக்கு அப்போது ஐந்தாவது மாதம். பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம், கர்ப்பிணிகள் அந்த மண்ணைத் தொடவே வேண்டாம் என்றார் டாக்டர். குடியிருப்புக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர், "எலி மருந்தைச் சோற்றில் பிசைந்து வையுங்கள், ஒரே ராத்திரியில் தீர்ந்துவிடும்" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்குத் தூக்கம் போயிற்று. பாத்திக்கும் பிராணிக்கும் உள்ள இந்தச் சண்டை எவ்வளவு பழசு என்று அன்றிரவுதான் படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் பூனை. 2004இல் சைப்ரஸ் தீவில் ஒரு புதைகுழியைப் பற்றிய ஆய்வு வெளியானது. சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. அதாவது நம் விளைச்சலுக்குக் காவலாக வந்த பிராணி அது. மேற்காசிய, ஆப்பிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப்பூனைதான் அதன் மூதாதை. இளகிய மண்ணைத் தோண்டி மூடுவது அதன் பிறவிப் பழக்கம். நாம் கொத்திப் பொடியாக்கி வைக்கும் பாத்தி அதற்கு அரண்மனைக் கழிப்பறை.

அடுத்தது நரி. பக்கத்து வீட்டுக் காகாவுக்குச் சொந்த ஊர் சாஸ்வட் பக்கம். "பூனைக்கே இப்படியா? எங்கள் தோட்டத்தில் கோல்ஹா வரும்" என்று சிரித்தார். மராத்தியில் கோல்ஹா என்றால் நாம் நரி என்று சொல்கிற அதே பிராணி. உண்மையான குள்ளநரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கோகட். 'கோல்ஹா காகடீலா ராஜி' என்று ஒரு பழமொழி உண்டு. நரிக்கு வெள்ளரிக்காய் கிடைத்தாலே திருப்தியாம். வெள்ளரி, கரும்பு, சோளம், இலந்தை எல்லாவற்றையும் தின்னும். தின்றுவிட்டு, பூனை மாதிரி மூடி வைக்காமல், எல்லோரும் பார்க்கிற மாதிரி வரப்பிலேயே வைத்துவிட்டுப் போகும். தன் எல்லைக்கு அது நடும் கல்.

அந்த அசிங்கத்திலும் காசு பார்த்திருக்கிறார்கள். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1867இல் இந்தியப் பாலூட்டிகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வயநாட்டிலும் இலங்கையிலும் நரிகள் பழுத்த காபிப் பழங்களைத் தின்கின்றன, கழிவில் வரும் கொட்டைகளைத் தோட்டக் கூலிகள் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். ஃபில்டர் காபி குடித்துக்கொண்டே இதைப் படித்திருக்கக் கூடாது.

நரியையும் மாட்டையும் தடுக்க வேலி வேண்டும். தக்காணத்திலும் தமிழகத்திலும் பலர் நட்டது சப்பாத்திக்கள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தண்ணீர் வேண்டாம், முள் உண்டு, வெட்டிப் போட்ட துண்டும் வேர் விடும். அந்தக் குணமே வினையானது. வேலி வயலுக்குள் இறங்கியது, மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. நரியைத் தடுக்க வைத்த புதரே நரிக்கும் பாம்புக்கும் வீடானது. 'வேலியே பயிரை மேய்ந்தது' என்று நாம் சொல்வோம். மராத்தியிலும் அச்சு அசலாக இதே பழமொழி இருக்கிறது. கடைசியில் 1926இல் இலங்கையிலிருந்து ஒரு செதில் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவில் அந்தக் கள்ளி அடங்கியது.

காவலுக்கு வந்த பூனையும் சரி, காவலுக்கு நட்ட கள்ளியும் சரி, கடைசியில் நமக்கே தொந்தரவானது. எலி மருந்தும் அந்த வரிசையில்தான் வரும் என்று எனக்குப் பட்டது. சோற்றில் வைத்த விஷத்துக்குப் பூனை எது, பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எது, தவழும் குழந்தை எது என்று தெரியாது.

அடுத்த கூட்டத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவைச் சொன்னேன். பிராணிக்கு விஷம் வைத்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. தலைகள் ஆடுவது நின்றது. இன்னொன்றும் சொன்னேன். ஒரு பூனை இந்த ஒட்டுண்ணியை வெளியேற்றுவது பெரும்பாலும் அதன் ஆயுளில் ஒரே முறை, ஓரிரு வாரங்கள் மட்டும்தான். வெளியே வந்ததும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆனால் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால் பயப்பட வேண்டியது பூனையைப் பார்த்து இல்லை, வெறுங்கையோடு மண்ணைக் கிளறுவதற்கும் கீரையைச் சரியாகக் கழுவாமல் விடுவதற்கும்தான்.

வழி சொன்னவர் காகாதான். ஊரிலிருந்து ஒரு கட்டு கருவேல முள் கொண்டுவந்தார். "வேலி போடாதே, மண்ணை மூடு" என்றார். விதைத்த பாத்தியின் மேல் நாலு விரல் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினோம். வெள்ளரி விதைத்தால் அவர் அப்பாவும் அப்படித்தான் செய்வாராம். வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு பழைய தொட்டியில் ஆற்று மணல் நிரப்பி வைத்தேன். கையுறையோடு வாரம் இரண்டு முறை அதைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒரு வாரத்தில் பூனைகள் அங்கே போக ஆரம்பித்தன, ஒன்றைத் தவிர. அந்தக் கிழட்டுச் சாம்பல் பூனைக்கு இன்னமும் என் பாத்தியின் ஓரம்தான் பிடிக்கிறது.

தங்கமணியின் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம். நான்காவது முறை விதைத்த கீரை முளைத்தது. நன்றாகக் கழுவி, வேகவைத்து, பருப்போடு மசித்து அவனுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். துப்பிவிட்டான்.