ஆறு கை ஆக்டோபஸ்: சிக்கனத்தில் பிறந்த ராட்சதப் பட மரபு

1955இல் வெளிவந்த ‘இட் கேம் ஃப்ரம் பினீத் த சீ’ படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை வளைத்து நொறுக்கும் ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தாம். பார்ப்பவர் கண்ணுக்கு இது சட்டென்று தட்டுப்படாது. மீதிக் கைகள் தண்ணீருக்குள் கிடப்பதாக மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும். அந்தப் பொம்மையை இயக்கிய ரே ஹாரிஹவுசன் காரணத்தை ஒளித்ததில்லை: எட்டுக் கைக்குப் பணமும் நேரமும் போதவில்லை. ஒரு நொடிக்கு 24 சட்டகம். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒவ்வொரு கையையும் இம்மியளவு நகர்த்தி வைத்துவிட்டு, விலகி நின்று படம் பிடிக்க வேண்டும். இரண்டு கை குறைந்தால் கை அசைக்கும் வேலையில் கால்பங்கு மிச்சம்.

ராட்சதப் படங்களின் வாய்பாடு நமக்கு மனப்பாடம். பாதிப் படம் வரை விலங்கு முழுசாகத் தெரியாது. இருட்டில் யாரோ அலறுவார்கள். விஞ்ஞானி ஒருவர் நின்று நிதானமாக விளக்குவார். பாலைவனத்திலோ தனித்தீவிலோ ஏழெட்டுப் பேர் மாட்டிக்கொள்வார்கள். இதைக் கற்பனை வறட்சி என்று ஒதுக்குவது விமர்சகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த முடிவு அவசரமானது என்பது என் எண்ணம். இந்த வழக்கங்கள் பிறந்த இடத்தைத் தேடிப் போனால், பெரும்பாலும் ஒரு வரவு செலவுக் கணக்கில்தான் போய் நிற்கிறோம்.

தேடலை 1942இல் தொடங்கலாம். ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் திகில் படங்களை ஒப்படைத்தபோது வைத்த நிபந்தனைகள் கடுமையானவை: செலவு 150,000 டாலருக்குள் அடங்க வேண்டும், தலைப்பை நிறுவனமே தரும். அப்படி வந்த முதல் தலைப்பு ‘கேட் பீப்பிள்’. இயக்கியவர் ழாக் டூர்னர். அதில் ஒரு பெண் இரவில் ஆளில்லாத சாலையோரம் நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் காலணி ஓசை கேட்கிறது. திடீரென்று அந்த ஓசை நின்றுவிடுகிறது. அவள் நடையை எட்டிப் போட்டு, பிறகு ஓடவே தொடங்குகிறாள். சிறுத்தை சீறுவது போல ஒரு சத்தம் பாய்ந்து வருகிறது. வந்து நிற்பது ஒரு பேருந்து, கேட்டது அதன் ஏர் பிரேக். பின்னால் திரையுலகமே ‘லூட்டன் பஸ்’ என்று பெயர் சூட்டிக் கையாண்ட உத்தி இது. நீச்சல் குளக் காட்சியிலும் கூரையில் நெளியும் நீரொளி, ஓர் உறுமல், சுவரில் நகரும் நிழல், அவ்வளவே. லூட்டனுக்குப் பணமில்லாதது உண்மை. ஆனால் மறைப்பதே கதையின் உயிர் என்பதையும் அவர் அறிந்திருந்தார். பின்தொடர்ந்த அந்தப் பெண் சிறுத்தையாக மாறுகிறாளா இல்லையா என்ற ஐயத்தில்தான் அந்தப் படமே நிற்கிறது.

அடுத்த திருப்பம் நீதிமன்றத்தில் நேர்ந்தது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. படங்களைக் கட்டாகக் கட்டி அரங்குகளின் தலையில் சுமத்தும் பழக்கம் முடிவுக்கு வந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. இரட்டைக் காட்சிக்கான மலிவுப் படங்களைக் குறைத்துக்கொண்டன. அதே காலத்தில் காரில் அமர்ந்தே பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகள் நாடெங்கும் பெருகி, இளைஞர் கூட்டம் அங்கே திரண்டது. அரங்குகளுக்குப் படம் வேண்டியிருந்தது. 1952இல் மறுவெளியீடு கண்ட ‘கிங் காங்’ வசூலைக் குவிக்க, எந்தப் படம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. 1953இல் ஹாரிஹவுசனின் ‘த பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்’ வந்தது.

ஹாரிஹவுசனை அமர்த்த வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? 1953இன் ‘ரோபாட் மான்ஸ்டர்’ கொரில்லா உடையின் மேல் ஒரு தலைக்கவசத்தை மாட்டி வேலையை முடித்தது. அது எடுக்கப்பட்ட பிரான்சன் கேன்யன், லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில் உள்ள பழைய கல்குவாரி. ஹாலிவுட்டிலிருந்து சற்றுத் தூரம் கார் ஓட்டினால் பாறையும் குகையும் தயார். எத்தனையோ படங்களில் ராட்சதர்கள் குகைக்குள் குடியிருந்ததற்கு இந்த அருகாமைக்கும் பங்குண்டு.

1954இல் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் ஆயிற்று. அங்கே தலைப்பும் சுவரொட்டியும் முதலில் பிறக்கும், கதை பிறகு வரும். ‘த பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்’ (1955) சொன்ன பத்து லட்சம் கண்கள், வேற்றுலக உயிரி ஆட்டுவிக்கிற பறவை, பசு, நாய் இவற்றின் கண்கள். கடைசியில் காட்ட ஏதாவது வேண்டுமே என்று பால் பிளேஸ்டெல் ஒரு சிறு பொம்மை செய்து கொடுத்தார். மறுவருடம் ரோஜர் கார்மனின் ‘இட் கான்கர்ட் த வேர்ல்ட்’ படத்துக்கு அவர் வடித்த வெள்ளிக்கிரகவாசி குகை இருட்டுக்கென்று உருவானது. அதை வெயிலுக்கு இழுத்து வந்தார்கள்; ரப்பர் ரப்பராகவே தெரிந்தது.

அந்தப் பாடம் 1957இன் ‘அட்டாக் ஆஃப் த கிராப் மான்ஸ்டர்ஸ்’ படத்தில் பலித்தது. செலவு ஏறக்குறைய 70,000 டாலர். இயக்குநர் கார்மன்தான். தீவில் சிக்கிய ஆய்வாளர்களை ராட்சத நண்டுகள் தின்கின்றன. நண்டுக் கூட்டின் உள்ளே நடிகர் எட் நெல்சன். அதனால் வேகமாக ஓட முடியாது, பாய முடியாது. கதாசிரியர் சார்லஸ் கிரிஃபித் அதற்குக் குரலைக் கொடுத்தார். தான் தின்றவர்களின் அறிவையும் நண்டு எடுத்துக்கொள்கிறது. இரவில், செத்துப்போனவரின் அதே குரலில், உயிரோடிருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. குரலுக்குச் செலவில்லை. லூட்டனின் இருட்டு அங்கே திரும்பி வந்துவிடுகிறது: படுத்திருப்பவர் எழுந்து, தெரிந்த குரல்தானே என்று வெளியே நடக்கிறார்.