பரங்கி கேட்டால் பப்பாளி

பெங்களூருச் சந்தையில் சாம்பாருக்குப் பரங்கி கேட்டேன். கடைக்காரர் உருண்டையான பப்பாளி ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தார். அவர்மேல் தவறில்லை. கன்னடத்தில் 'பரங்கி ஹண்ணு' என்றால் பப்பாளிதான். நம் பரங்கிக்காய்க்கு அங்கே கும்பளகாய் என்று பெயர். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பரங்கியர் பெயரைக் கன்னடர் பழத்துக்குச் சூட்டினார்கள், நாம் காய்க்குச் சூட்டினோம்.

ஆனால் பழம் மேற்கிலிருந்து நேரே வந்ததாகத் தெரியவில்லை. கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட பயண நூலில், இது பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து மலாக்காவுக்கும் அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்தது என்கிறார். பர்மியர் இதற்கு இட்ட பெயர் 'திம்போதீ', அதாவது கப்பல் பழம். சிங்களத்தில் 'கஸ்லபு', மரச்சுரை. வடமொழி வைத்தியர்கள் 'ஏரண்டகர்க்கடி' என்றார்கள், ஆமணக்கு வெள்ளரி. இலையைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

தமிழ் இப்படியெல்லாம் யோசிக்கவில்லை. வந்த பெயரையே நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டது. கரீபியத் தீவுகளில் ஸ்பானியர் காதில் விழுந்த 'பப்பாயா', போர்ச்சுகீசியர் வாயில் 'பப்பாயா'வாகவே வந்து, இங்கே பப்பாயி ஆயிற்று. உயிரை உசிர் என்றும் உயரத்தை உசரம் என்றும் சொல்லும் வாய்க்குப் பப்பாயி பப்பாசி ஆவதில் வியப்பில்லை. ஈழத்தில் இன்றும் பப்பாசிதான். கூடவே வந்த அன்னாசியும் அந்தச் 'சி'க்குத் துணை நின்றிருக்கலாம். 'ளி' எப்படி வந்தது? தக்காளியின் சாயல் என்பது என் ஊகம். தக்காளி நம் பழைய சொல். சிறுபழச் செடிகளுக்கு வழங்கியது, பின்னால் வந்த சீமைத் தக்காளி அதைப் பறித்துக்கொண்டது. ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பழத்தை வீணாக்கவில்லை. விதையைச் சாம்பலில் தேய்த்து, வழவழப்புப் போக்கி, நிழலில் உலர்த்திக் கொல்லையில் ஊன்றினேன். ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று விட வேண்டும். பூக்கும்வரை ஆணா பெண்ணா தெரியாது. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண், தண்டோடு ஒட்டிப் பூத்தால் பெண். ஆணும் பெண்ணும் சேர்ந்தே வளர வேண்டும் என்று லின்ஸ்கோட்டனே எழுதிவிட்டார். பதினைந்து இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் போதும்; மிச்ச ஆண்களை வெட்டிவிடலாம். இருபால் பூப் பூக்கும் கோ.7 போன்ற ரகம் வைத்தால் இந்தக் கவலை இல்லை. முக்கியம், அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது; தேங்கினால் வேர் அழுகி மரம் சாய்ந்துவிடும்.

வெள்ளை மாவு அப்பியதுபோல் ஒரு பூச்சியும் வரும். அதுவும் பப்பாளியின் ஊர்க்காரன். 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டியது. அதை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்தார்கள். பூச்சிக்கு உடனே மாவுப்பூச்சி என்று பெயர் வைத்துவிட்டோம். காப்பாற்ற வந்த குளவி மட்டும், நானறிய, இன்னும் வெறும் ஒட்டுண்ணிதான்.