புல்வெளியின் செடாரும் ஹைட்ராலிக் கத்தரியும்

நெப்ராஸ்கா, கன்சாஸ், ஓக்லஹோமா என்னும் அமெரிக்க மாகாணங்களின் மேய்ச்சல் நிலங்களில், சிறுரக டிராக்டர் ஒன்றின் முன்கரங்களில் பூட்டிய ஹைட்ராலிக் கத்தரி ஒரு செடார் மரத்தை அடித்தண்டில் கவ்வி நறுக்கிச் சாய்ப்பதைக் காண்பவர், மரமே அரிதென்று பெயர் பெற்ற அச்சமவெளியில் மரம் வெட்டுவதற்கென்றே ஒரு யந்திரம் எதற்கு என்று ஐயுறக்கூடும். அந்த ஐயம் தீர வேண்டுமானால், யந்திரத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டு நிலத்தின் பூர்வகதையைக் கேட்க வேண்டும்.

வெள்ளையர் குடியேறுவதற்கு முன், பானி, ஓசேஜ் முதலிய பூர்வகுடிகள் புல்வெளிக்குத் தீயிட்டு இளம்புல் தளிர்க்கச் செய்து, அதை நாடிவரும் காட்டெருமைகளை வேட்டையாடி வந்தார்கள். அவர்கள் மூட்டாத இடத்தில் மின்னல் மூட்டியது. மெல்லிய பட்டையும், எளிதில் பற்றிக்கொள்ளும் தழையும் உடைய கிழக்கத்தியச் செஞ்செடார், ஜூனிப்பர் இனத்தைச் சேர்ந்த அந்த மரம், தீ எட்டாத பாறைச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஒதுங்கியே பிழைத்திருந்தது. வேலியும் வீடும் வைக்கோற்போரும் உடைய புதிய குடியானவர்களோ தீயைப் பரம சத்துருவாகக் கருதி அணைத்தார்கள். அணைத்ததோடு நில்லாமல் மரங்களையும் நட்டார்கள். 1872-இல் நெப்ராஸ்காவில் ஜே. ஸ்டெர்லிங் மார்ட்டனின் முயற்சியால் மரம் நடுவிழா பிறந்தது. மறு ஆண்டே, 40 ஏக்கரில் மரம் வளர்ப்பவருக்கு 160 ஏக்கர் நிலம் சொந்தமாகும் என்று ஒரு சட்டமும் வந்தது.

1930-களில் மழை பொய்த்து, உழுத மண் புழுதியாகி வானத்தை மறைத்த காலத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1934-இல் தொடங்கிவைத்த காற்றுத்தடுப்புத் திட்டம், 1942-க்குள் வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்ஸஸ் வரை சுமார் 22 கோடி மரங்களை 18,600 மைல் நீளத்துக்கு வரிசை வரிசையாக நிறுத்தியது. வறட்சிக்கு அஞ்சாத செஞ்செடாரும் அவ்வரிசைகளில் ஸ்தானம் பெற்றது. புழுதியை மூச்சில் இழுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த அம்மக்கள் மரத்தை நம்பியது குற்றமாகாது. ஆனால் செடாரின் நீலக்கனிகளை உண்ட பறவைகள் வேலிக்கம்பிகளில் அமர்ந்து எச்சமிட, தடுக்கத் தீயில்லாத விஸ்தாரமான வெளியில் அந்த விதைகள் முளைத்துப் பெருகின. மரத்தின் நிழல் விழுந்த இடமெல்லாம் புல் மடிந்து, மாடுகளுக்கு மேய்ச்சல் குறுகியது.

இனிக் கத்தரியின் கதை. அடைபட்ட திரவத்தின் அழுத்தத்தால் சிறு பலத்தைப் பெரும் பலமாக்கலாம் என்னும் பாஸ்கலின் தத்துவத்தை, இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் தம் அழுத்து யந்திரத்தில் காரியசித்தியாக்கினார். ஐரிஷ்காரரான ஹாரி ஃபெர்குஸன் அதே சக்தியைக் கொண்டு கலப்பையை டிராக்டரோடு ஓருடலாக்கிய முறை, 1939-இல் ஃபோர்டு நிறுவனத்தின் டிராக்டரில் வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஜப்பானின் குபோட்டா நிறுவனம் 1969-இல் 21 குதிரைத்திறன் சிறு டிராக்டரை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியபின், சிறு பண்ணைக்காரருக்கும் அந்தச் சக்தி எட்டியது.

மரம் நறுக்கும் கத்தரியோ முதலில் பெருங்காடுகளில்தான் பிரயோகமாயிற்று. ரம்பம் நாரை அறுக்கிறது. கத்தரி அதை நசுக்கிப் பிளக்கிறது. அதனால் அடித்துண்டில் விரிசல் ஓடி, பலகைக்குரிய மிகச் சிறந்த பாகமே கெட்டது. காகிதக்கூழுக்குப் போகும் மரத்துக்கு அது பாதகமில்லை யெனினும், பலகை ஆலைகள் சகிக்கவில்லை. சுழலும் ரம்பத்தலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. காட்டில் குறையெனத் தள்ளப்பட்ட அந்தக் குணமே புல்வெளியில் ஒரு பொருட்டாகவில்லை. இங்கே எவரும் பலகை கேட்கவில்லை. மரம் சாக வேண்டும், அவ்வளவே. செஞ்செடாரோ, மிகத் தாழ்ந்த பச்சைக்கிளைக்கும் கீழே வெட்டுண்டால் மறுபடி துளிர்ப்பதில்லை. பக்கத்திலேயே நிற்கும் லோகஸ்ட் என்னும் வேறொரு மரத்தை நறுக்கினால், அடிக்கட்டையில் மருந்து பூசாவிடில் மறு பருவத்தில் கொத்துக்கொத்தாய்க் கிளைக்கும். ஒரு கருவியின் பெருமை அதன் பலத்தைவிட அது சந்திக்கும் மரத்தின் சுபாவத்தையே பொறுத்தது என்று நான் கருதுவதற்கு இதைவிடத் தக்க சான்று வேண்டியதில்லை.

தரைவரை தாழ்ந்து முள்ளாய்க் குத்தும் கிளைகளுக்குள் சங்கிலி ரம்பத்தோடு ஊர்ந்து சென்றவர்களுக்கு, ஆசனத்தில் அமர்ந்தபடியே வேலை முடிவது எத்தகைய ஆறுதல் என்பது நன்கு தெரியும். சிறு வண்டியில் எண்ணெயோட்டம் குறைவாதலால் கத்தரி மெல்லவே மூடும். எனினும் நறுக்கும் பலத்தைத் தருவது ஓட்டமன்று, அழுத்தமே. பொறுமையுள்ளவருக்கு அது போதும். பின்புறம் எடைக்கட்டு இல்லாமல் நறுக்கிய மரத்தை உயரத் தூக்கினாலோ வண்டி முன்னோக்கிக் கவிழக்கூடும். வெட்டு மண்ணை ஒட்டி அமைய வேண்டும், மேலே விட்ட கட்டை டயரைக் கிழிக்கும். ஆனால் அலகு மண்ணிலும் கல்லிலும் உரசினால் முனை மழுங்கும். இவ்விரண்டுக்கும் நடுவே கைப்பழக்கம்தான் வழிகாட்டி.

கத்தரியோடு பழைய தீயும் திரும்பி வந்திருக்கிறது. நெப்ராஸ்காவின் லோயஸ் பள்ளத்தாக்குப் பிரதேசத்தில், பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி மீண்டும் புல்வெளிக்குத் தீயிடுகிறார்கள். வளர்ந்து முற்றிய செடார்களின்கீழ்ப் புல் இல்லாமையால் தீ அவற்றை எட்டாதென்பதால், முன்னதாகவே சில மரங்களை வெட்டி, நிற்கும் மரங்களின் அடியில் திணித்துக் காயவிட்டு, அதன்பிறகே நெருப்பு வைக்கிறார்கள்.