ஈய முத்திரை இருந்த இடம்

பக்கத்துத் தெருத் தம்பி டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். தவணை இன்னும் முடியவில்லை. "மாமா, ஒரு லேப்டாப்பும் கேபிளும் இருந்தா வீட்டிலேயே வண்டியோட இழுவையைக் கூட்டிடலாமாமே?" என்று போன வாரம் கேட்டார்.

எனக்குப் பழைய டிராக்டர்கள் நினைவுக்கு வந்தன. டீசல் பம்பில் அதிகபட்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகாணிக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். சேற்றுழவு நேரத்தில் சிலர் முத்திரையை உடைத்துச் சற்றே திருகுவார்கள். இழுவை கூடும், கரும்புகையும் கூடும். புகையைப் பார்த்ததும் பழையபடி திருப்பிவிடலாம்.

1997-ல் ஐரோப்பாவில் காமன் ரெயில் டீசல் கார் விற்பனைக்கு வந்தது. 2002-ல் நம் நாட்டில் ஹூண்டாய் ஆக்சென்ட் காரிலும் அது வந்தது. அந்தத் திருகாணியின் வேலையை இசியு என்ற சிறு கணினி எடுத்துக்கொண்டது. எப்போது, எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பது அதன் நினைவகத்தில் எண்களாக இருக்கிறது.

எண்களை மாற்றினால் புகை கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகன் செய்ததும் அதுதான். சோதனைக்கூடத்தில் ஒழுங்காகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடக்க மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு காரிலேயே கருவியை ஏற்றிச் சாலையில் அளந்தது. அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடமும் ஹேமந்த் கப்பண்ணாவும் இருந்தார்கள். 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. அந்த டிசம்பரில், இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது.

ஆக, இசியுவைத் திருத்தி எழுதுவது நடக்காத காரியமில்லை. ஆனால் எழுதும் சில நிமிடங்களில் பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் நினைவகம் பாதியில் நிற்கும், வண்டி கிளம்பாது. அதனால் நிலையான மின்சாரம் தரும் கருவி வேண்டும். சாதாரண சார்ஜர் போதாது. லேப்டாப்பிலும் முழு சார்ஜ் வேண்டும். மின்வெட்டு சொல்லிக்கொண்டு வராது. எல்லாவற்றுக்கும் முன்பு பழைய கோப்பைப் படித்துப் பத்திரப்படுத்த வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. டீசலை அளவு மீறிக் கூட்டினால் பிஸ்டனும் டர்போவும் சூட்டில் கெடும்.

சட்டமும் உண்டு. 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"இழுவை குறைஞ்சிருந்தா முதல்ல ஏர் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் பாருங்க தம்பி" என்றேன். நேற்று வந்து சொன்னார், ஏர் ஃபில்டர் முழுக்கத் தூசியாம்.