தலைமன்னார் வழியாகப் போன வேலைகள்

தொழிற்பயிற்சி, ஆளணித் திட்டமிடல், பிரதேச அபிவிருத்தி. இந்தச் சொற்களை இப்போது எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறோம், ஏதோ புதுச் சரக்கு மாதிரி. உண்மையில், ஒரு பிரதேசத்துக்கு எத்தனை தொழிலாளர் தேவை என்று கணக்குப் போட்டு ஆள் அனுப்பிய பெரிய திட்டம் ஒன்று நம்முடைய பியர் வழியாகத்தான் நடந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

1904இல் இலங்கைத் தோட்டத் துரைமார் திருச்சியில் ஒரு தொழிலாளர் ஆணையகத்தைத் திறந்தார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் சேர்ப்பதை ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. 1914இல் பாம்பன் பாலம், தனுஷ்கோடி கப்பல், தலைமன்னார் ரயில் மூன்றும் ஒன்றாய்ப் பொருந்தின. மண்டபம் முகாமில் மருத்துவப் பரிசோதனை, பிறகு கப்பல், இங்கே இறங்கினால் ரயில், அதன் பிறகு மலைநாடு. எல்லாம் கச்சிதம். ஆனால் அந்தத் திட்டம் எண்ணியது கைகளை மட்டும்தான். கொழுந்து பறிக்கிற பெண்ணின் பிள்ளை நாளைக்கு வேறென்ன தொழில் செய்யும் என்ற கேள்விக்கு அதில் இடமே இருக்கவில்லை.

ஐம்பது வருடம் கழித்து அதே மக்களை மறுபடி எண்ணினார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. பெட்டி படுக்கையோடு திரும்பிப் போனவர்களும் நம்முடைய பியரில்தான் கப்பல் ஏறினார்கள்.

அக்கரையில் நடந்ததைத்தான் நாம் கவனமாகப் படிக்க வேண்டும். 1968இல் தமிழ்நாடு அரசு, திரும்பி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் அதுதான் டான்டீ என்ற அரசுக் கம்பனி ஆனது. வந்தவர்களுக்குத் தேயிலை தெரியும், நீலகிரியில் தேயிலை வளரும். கைத்தொழிலும் இடமும் பொருந்தின. அங்கேயும் கூலி, வீடு என்று கஷ்டங்கள் இருந்தன, ஆனாலும் தெரிந்த வேலை கிடைத்தது. வேறு பலருக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர் கடை நடத்தியது கிடையாது, நடத்தப் பழக்கியவரும் இல்லை. கடன் காசு கரைந்த பிறகு கூலி வேலை தேடி மலைப்பக்கம் போனவர்கள் ஏராளம். பணத்தைக் கொடுத்துப் பயிற்சியைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

நம்முடைய கதையும் வேறல்ல. 80களில் யுத்தத்தோடு கப்பல் நின்றது. பியரை நம்பியிருந்த சுமை தூக்குபவர், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோருடைய பிழைப்பும் அதோடு போயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், ஏறக்குறைய 75,000 பேர். நான் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில். கடலையும் வலையையும் தெரிந்த வாப்பாமார் அங்கே வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போனார்கள். வாப்பாவிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்த தொழில் அறிவு எங்கள் தலைமுறையில் அறுந்தது. சொத்து இழப்பைக் கணக்கெடுத்தவர்கள்கூட இந்த இழப்பைக் கணக்கெடுக்கவில்லை.

2015 மார்ச்சில் ரயில் திரும்பி வந்தது. 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். காற்றாலைகளால் மழைவெள்ளம், மீன்பிடி, பறவைகள் பற்றி மக்களுக்கு இருக்கிற பயம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். நான் கேட்பது வேறொன்று. அந்தக் காற்றாடியைப் பழுதுபார்க்கப் படித்த பிள்ளைகள் நம்முடைய தீவில் எத்தனை பேர்?

சட்டங்களுக்கும் நிறுவனங்களுக்கும் நாட்டில் பஞ்சமில்லை. 1971இல் பயிலுநர் சட்டம், 1990இல் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டம், 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை, 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜெர்மன் உதவியோடு ஒரு பயிற்சி நிறுவகம். தேசிய தொழில்சார் தகைமை ஏழு மட்டம் வரை இருக்கிறது. ஆனால் சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி இரண்டுதான்: உயர்தரமா, வெளிநாடா?

கொழும்பில் எழுதிய பாடநெறிப் பட்டியலைக் கொண்டுவந்து இங்கே ஆள் தேடுவதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. முதலில் இங்கே என்ன வேலை இருக்கிறது, பத்து வருடத்தில் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். படகு இயந்திரம், ஐஸ், மீன் பதனிடல், மின்சாரம், ரயில், உல்லாசப் பயணம். பிறகு நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடநெறி. நீலகிரியில் பலித்ததும் கடனில் பலிக்காததும் இந்த வரிசையால்தான்.

அடுத்த முறை பிரதேச செயலகத்தில் அபிவிருத்திக் கூட்டம் நடந்தால், பள்ளிவாசல், கோவில், மீனவர் சங்கம் எல்லோரும் சேர்ந்து இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: இங்கே வருகிற ஒவ்வொரு திட்டத்திலும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேருக்கு, என்ன தொழில், எந்த மட்டம் வரை பழக்குவீர்கள்? பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.